கேமரா நின்றால் ஊருக்குக் கண் போகும்

வெள்ளூத்துப்பாளையம் போலீஸ் ஸ்டேஷனில் கேமராவை நிறுத்தும்போதெல்லாம் ஊரில் யாரோ ஒருவருக்குக் கண் போய்விடும் என்பது முதலில் தெரியவந்தது பரோட்டா மாஸ்டர் பஷீரால்தான். சந்தை கூடிய ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் அவர் மாவை வீசிக்கொண்டிருந்தபோது, வீசிய மாவு கையில் இருக்கவே கல்லும் கடையும் இலை போட்டுக் காத்திருந்த ஆட்களும் மறைந்துபோய், அந்த இடத்தில் ஓர் அறை தெரிந்தது. அதுவும் நேராகத் தெரியவில்லை, யாரோ அவரைத் தூக்கிக் கூரை மூலையில் ஒட்டிவைத்த மாதிரி மேலேயிருந்து தெரிந்தது. அறையில் ஒரு மேசை, ஒரு தண்ணீர் கேன், சுவரோரம் சாத்தி வைத்த லத்திகள், நடுவில் ஜட்டியோடு முட்டி போட்டிருந்த சைக்கிள் கடை ரங்கன். பஷீர் கண்ணை இறுக்கி மூடினார், மூடினாலும் தெரிந்தது. நடந்ததையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, போன கரண்ட் வந்த மாதிரி கடை திரும்பி வந்தது. கல்லில் கிடந்த பரோட்டாக்கள் கருகிப் புகைந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலையில் ரங்கனை விட்டுவிட்டார்கள். காலை இழுத்து இழுத்து நடந்து டீ குடிக்க வந்தவனிடம், எந்த லத்தியால் அடித்தார்கள், அடிக்கும்போது அவன் காலை யார் பிடித்திருந்தார்கள், எத்தனை தரம் அவன் கும்பிட்டான் என்பதையெல்லாம் பஷீர் மெதுவாகச் சொன்னார். ரங்கன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"நீங்க எங்கீங்க பாய் இருந்தீங்க?"

"இங்கதான் தம்பி. இந்தக் கல்லுக்கு முன்னாடி."

ரங்கனுக்கு அது நம்பமுடியாத விஷயமாகத் தெரியவில்லை. "பாத்தீங்கல்ல," என்றான். "அது போதுமுங்க." பிறகு டீயைக் குடித்து முடித்துவிட்டு அழுதான்.

அதற்குப் பிறகு வெல்ல மண்டிக்காரருக்குத் தராசில் எடைக்கல் வைக்கும்போது கண் போனது, பள்ளிக்கூடத்து டீச்சருக்குக் கரும்பலகையில் பாதி வாக்கியத்தில் போனது, தறிக்கூடத்தில் நூல் சுற்றும் பெண்ணுக்கு ராட்டை ஓட ஓடப் போனது. எல்லோரும் அதே அறையை, அதே மூலையிலிருந்து பார்த்தார்கள். ஊரிலிருந்த ஒரே வக்கீல், அவர்களுக்குக் கண் போன நேரங்களைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்து கேமரா பதிவுகள் வேண்டும் என்று மனுப் போட்டார். 'மேற்படி நேரத்தில் கேமரா பழுதடைந்திருந்தது' என்று பதில் வந்தது. அடுத்த மனுவுக்கும் அதே பதில். அப்போதுதான் ஊருக்கு விளங்கியது: கேமரா எப்போதெல்லாம் பார்க்காமல் நிறுத்தப்படுகிறதோ, அப்போதெல்லாம் அதற்குப் பதிலாக ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டுக்கொண்டிருக்க ஊருக்கு நேரமில்லை, எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது. கண் போவதை 'முறை வருது' என்று சொல்லப் பழகினார்கள். முறை வந்தவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, முன்னால் இருக்கும் அடுப்பையோ அரிவாளையோ தள்ளிவைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, "என்ன தெரியுதுங்க?" என்று கேட்க வேண்டும்; அவர் தெரிவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; பக்கத்திலிருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, தானாக வந்த வழக்கம் இது. டவுன் பஸ் டிரைவர் பக்கத்தில் வண்டி ஓட்டத் தெரிந்த இன்னொருவர் உட்கார்ந்தே வந்தார். சலூனில் கத்தி தொண்டைக்கு வரும்போது கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடும்போது இன்னொரு நர்ஸ் அவள் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணுக்கு முறை வந்திருக்குதுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். கண் டாக்டர்கள் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அதுவரைக்கும் ஸ்டேஷனில் கேமரா என்று ஒன்று இருப்பதையே நினைத்துப் பார்த்திராத ஊர், இப்போது அதன் உடல்நலத்தைப் பற்றியே கவலைப்பட்டது. மனுநீதி நாளில் வரிசையாக நின்று, 'எங்கள் காவல் நிலைய கேமராவை எந்நேரமும் ஓடவைக்குமாறு' கலெக்டரிடம் மனுக் கொடுத்தார்கள். கரண்ட் ஏறி இறங்குவதால்தான் பழுதாகிறது என்று ஸ்டேஷனில் சொன்னதை நம்பி, வியாபாரிகள் சங்கம் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிக் கொடுத்தது. இன்ஸ்பெக்டர் சிரித்த முகமாக போட்டோவுக்கு நின்று வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் ஸ்டேஷன் கேட் முன்னால் கேமராவுக்காக யாரோ தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்கள். முறை வருவது நிற்கவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் ஊரைக் கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்.

"இங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "கூட இருந்து பாத்தவன் சொன்னா அது சாட்சி. பரோட்டாக் கடையில நின்னுக்கிட்டு ஸ்டேஷனுக்குள்ள பாத்தேன்னு சொன்னா அது வதந்தி. வதந்தி பரப்புனா என்ன செக்‌ஷன், எத்தனை வருஷம்னு நம்ம ரைட்டர் வாசிப்பாரு, கேட்டுக்கங்க."

ஸ்டேஷன் ரைட்டர் நாச்சிமுத்து எழுந்து நின்று, புத்தகத்தைப் பார்த்துத் தெளிவான குரலில் வாசித்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள், தங்கள் செருப்பைப் பார்த்தார்கள், மேடையில் போன கல்யாணத்துக்கு ஒட்டிய தெர்மாகோல் எழுத்துகளைப் பார்த்தார்கள். அவர் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. முறை வந்த ஒவ்வொருவரும் முதன்முதலாகப் பார்த்தது அந்த முகத்தைத்தான். ஸ்டூலில் ஏறி கேமராவிலிருந்து ஒயரைக் கழற்றுகிறவர் அவர். கண் போன அந்த நொடியில், கல்யாண ஆல்பத்தில் பெரிதாகப் போட்ட படம்போல, மூக்கின் துவாரமும் மீசையில் நரைத்த முடிகளும் தெரிகிற அளவு கிட்டத்தில் நாச்சிமுத்துவின் முகம் இருக்கும். பிறகு அது கீழே இறங்கும், அறை தெரியும். எல்லாம் முடிந்து ஒயரை மாட்ட அதே முகம் மேலே ஏறி வரும், அதோடு கண் திரும்பும். ஆனால் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லும்போது எல்லோரும், "ஒரு ஆளு ஸ்டூல்லருந்து எறங்கறாரு" என்றுதான் ஆரம்பித்தார்கள். எப்போதும் ஒரு ஆள். அவர் மேல் இருந்த பயம் மட்டும் அதற்குக் காரணமில்லை. அவருடைய மனைவி வசந்தாமணி அந்த ஊரில்தான் இருந்தாள்.

வசந்தாமணி போலீஸ் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு மசாலாப் பொடி அரைத்து வீடுவீடாகக் கொடுப்பவள். எந்த வீட்டில் யாருக்குக் காரம் ஆகாது, எந்த வீட்டில் சீரகம் தூக்கலாக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பிரசவமான வீட்டுக்குக் கேட்காமலே பத்தியப் பொடி கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்படிப்பட்டவளிடம், உன் வீட்டுக்காரர் முகத்தைத்தான் நாங்கள் முதலில் பார்க்கிறோம் என்று யார் போய்ச் சொல்வது? யாரும் சொல்லவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் போன பிறகு ஆரம்பித்தது. காய்க்காரம்மா அவளுக்கு மட்டும் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டாள். போலீஸ்காரர் பெண்டாட்டி என்பதால் இப்படி ஒதுங்குகிறார்கள் என்று வசந்தாமணி நினைத்துக்கொண்டாள். குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கு அதுவரை முறை வந்ததில்லை, வராது என்றே ஊரும் நினைத்திருந்தது.

ஒருநாள் சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, ஊருக்குள்ள சொல்றாங்களே, அங்க அப்படியெல்லாம் நடக்குதுங்களா?"

"நான் எழுதற வேலை பாக்கறவன், வசந்தா. உள் ரூம்ல எனக்கென்ன வேலை?" என்றார் நாச்சிமுத்து. "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து."

அவள் ஊற்றினாள். அவருக்குக் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்பதால் நம்பினாள்.

ஆடி மாதத்தில் தறிக்கூடங்களில் மோட்டார்களைப் பிரித்துச் செம்புக் கம்பியைத் திருடிப் போனார்கள். தறி முதலாளிகள் ஸ்டேஷனுக்குப் போய் நெருக்கினார்கள். ஸ்டேஷன் ஊரை நெருக்கியது. யார் யாரையோ ஜீப்பில் ஏற்றிப் போனார்கள், முறை அடிக்கடி வந்தது, ஒரே நாளில் காலையில் ஒருவருக்கும் மாலையில் ஒருவருக்கும் வந்தது. கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்பவர்கள் நிற்கப் பயந்தார்கள், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்கள் படியிறங்கப் பயந்தார்கள், ஜீப் சத்தம் கேட்டால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டால் முறை வருவதில்லை என்று தெரிந்து, வசதியுள்ள சிலர் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள். பார்ப்பது கஷ்டம், பார்த்ததைச் சொன்னால் கேஸ், சொல்லாமல் வைத்துக்கொண்டால் சோறு இறங்கவில்லை. மூன்றுக்கும் நடுவில் ஊர் இளைத்துப்போனது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் வசந்தாமணி ஆறுச்சாமியின் மாவு மில்லில், வறுத்த மல்லியும் மிளகாயும் இருந்த தூக்குகளோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் தையல்கார சகுந்தலா, அவளுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, மிளகாய் நெடிக்கு எல்லோரும் முந்தானையை மூக்கில் வைத்திருந்தார்கள். அரைத்த மிளகாயை வாங்கிய தூக்கு வசந்தாமணி கையிலிருந்து நழுவி விழுந்தது. மிளகாய்ப் பொடி கிளம்பி அவள் புடவையிலும் தலையிலும் தூசியாகப் படிந்தது. அவள் கண் திறந்திருந்தது, ஆனால் மில்லில் இல்லை.

ஆறுச்சாமி மோட்டாரை நிறுத்தினார். பெல்ட் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. சகுந்தலா அவளைக் கைத்தாங்கலாக மூட்டை மேல் உட்காரவைத்தாள். எல்லோருக்கும் அவள் முதலில் எதைப் பார்த்திருப்பாள் என்று தெரியும், அதனால் கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஆறுச்சாமிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "சொல்லியே ஆகோணும்னு ஒண்ணுமில்லீங்க அம்மிணி," என்றார். "சித்த நேரத்துல தானா போயிருமுங்க."

யாருக்கும் கிடைக்காத சலுகை அது. அந்தச் சலுகையிலிருந்துதான் வசந்தாமணி புரிந்துகொண்டாள்.

"உங்களுக்கெல்லாம் தெரியுமுங்களா?" என்று கேட்டாள்.

வரிசையில் நின்றவர்கள் தங்கள் தூக்குகளைக் குனிந்து பார்த்தார்கள்.

"சகுந்தலா, உனக்கு முறை வந்துதே, மாசி மாசம். நீ பாத்தது யாரை?"

சகுந்தலா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அக்கா…" என்றாள்.

மில்லில் இருந்தவர்கள், அவள் பேசாமலே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தார்கள், பேசாமல் இருந்துவிடுவாளோ என்றும் பயந்தார்கள். பிறகு அவள், வீட்டுக் கணக்குச் சொல்வது போல அடக்கமான குரலில் ஆரம்பித்தாள்.

"எங்கூட்டுக்காரரு ஸ்டூல்லருந்து எறங்கறாரு. பேரு நாச்சிமுத்து. ஸ்டேஷன் ரைட்டர். ஒயரு கையில இருக்குது, அதைச் சுருட்டி மேசை மேல வெக்கறாரு. ஸ்டூலை ஓரமாத் தள்ளறாரு. கீழ ஒரு பையன் கிடக்கறான். கையை மேசைக் காலோட சேத்துக் கட்டியிருக்குது. நம்ம சுரேந்திரனுங்க. தெக்கால தறிக்கூடத்துல ஓட்டறானே, துளசியம்மா பையன்."

"ஐயோ," என்றார் வரிசையில் யாரோ. துளசியம்மாள் காலையிலிருந்தே ஸ்டேஷன் வாசல் புங்கமரத்தடியில் நிற்பது எல்லோருக்கும் தெரியும்.

"கம்பி எங்கடான்னு கேக்கறாங்க போல, வாய் அசையுது, சத்தம் கேக்கல. இன்ஸ்பெக்டர் பூட்ஸுங்க. நெஞ்சு மேல. இன்னும் ரெண்டு பேரு காலைப் புடிச்சிருக்காங்க. இவரு… இவரு சன்னலோரம் திரும்பி நின்னுட்டு இருக்காரு. வெளிய எதையோ பாத்துட்டு இருக்காரு. பையன் தண்ணி கேக்கறான். கேன் பக்கத்துலதான் இருக்குது. எடுத்துக் குடுக்கறாங்களா… இல்ல. தரையில ஊத்தறாங்க."

அவள் சொல்லச் சொல்ல மில்லுக்கு வெளியிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். இதுவரை முறை வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லி முடித்திருக்கிறார்கள், கேட்டவர்கள் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டியிருக்கிறார்கள், வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். அப்படித்தான் இதுவும் முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது வசந்தாமணியின் குரல் மாறியது.

"கை தொவண்டிருச்சு. கண்ணு மேல சொருகுது. அடி நிக்கலீங்க… அவங்க பாக்கல, பையன் மூஞ்சியை யாருமே பாக்கல." மூட்டையிலிருந்து எழுந்து நின்றாள். "என்னையக் கூட்டிட்டுப் போங்க."

"எங்கீங்கக்கா?"

"அங்கதான்."

இரண்டு தெரு தள்ளித்தான் ஸ்டேஷன். சகுந்தலா வலது கையைப் பிடித்துக்கொள்ள, ஆறுச்சாமி இடது பக்கம் வர, கால்வைக்கும் ரோடு தெரியாமல், செருப்பில்லாமல், தலையெல்லாம் மிளகாய்ப் பொடியோடு வசந்தாமணி நடந்தாள். நடந்துகொண்டே தெரிவதைச் சொல்லிக்கொண்டு போனாள். அதைக் கேட்டுக் கேட்டு ஜவுளிக் கடையிலிருந்து ஒருவர் இறங்கினார், சலூனிலிருந்து பாதி முகம் மழித்த ஒருவர் இறங்கினார், பஷீர் மாவுக் கையோடு வந்தார், தறி சத்தம் ஒவ்வொன்றாக நின்று தறிக்காரர்கள் வந்தார்கள். அவர்களில் யாரும் தைரியசாலி இல்லை. அடுத்த முக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அடுத்த முக்கில் மற்றவர்கள் நிற்காததால் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு முக்கு வரை போனார்கள். அப்படியே ஸ்டேஷன் கேட் வந்துவிட்டது.

வாசலில் நின்ற காவலர் கையை நீட்டித் தடுக்க வந்தவர், வருவது ரைட்டரய்யா சம்சாரம் என்று பார்த்ததும் கையை இறக்கினார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அவளும் அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் உள்ளே போயிருந்தார்கள். புங்கமரத்தடியிலிருந்து துளசியம்மாளும் ஓடிவந்தாள்.

உள் அறைக் கதவு திறந்ததை வசந்தாமணி மேலேயிருந்து பார்த்தாள். ஒரு பெண் உள்ளே வந்தாள். வகிட்டில் நரை, தோளெல்லாம் சிவப்புப் பொடி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். யார் இந்தப் பொம்பளை என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பச்சைப் புடவையைப் பார்த்து, அது தான்தான் என்று தெரிந்தது. சன்னலோரம் நின்ற நாச்சிமுத்து திரும்பினார். அவர் தன்னைப் பார்ப்பதை அவள் கூரையிலிருந்து பார்த்தாள். அவள் மூலையை நோக்கி முகத்தைத் தூக்கினாள். கீழே அந்தப் பெண்ணும் முகத்தைத் தூக்கி நேராக அவளையே பார்த்தாள்.

"ஒயரை மாட்டுங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டர் வேர்த்துப்போய் நின்றிருந்தார். "யோவ் ரைட்டர், உம் பொண்டாட்டியை வெளிய கூட்டிட்டுப் போய்யா! யாருய்யா இவங்களையெல்லாம் உள்ள விட்டது?"

"ஒயரை மாட்டுங்க. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நீங்க மாட்டுனாத்தான் எனக்குக் கண்ணு வரும்."

நாச்சிமுத்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கதவை அடைத்துக்கொண்டு நின்ற முகங்களைப் பார்த்தார். அந்த முகங்கள் முதல்முறையாக அவரைத் திருப்பிப் பார்த்தன. கீழே கிடந்தவனைப் பார்த்தார், அன்றைக்கு அவனை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேசை மேல் சுருட்டி வைத்த ஒயரை எடுத்துக்கொண்டு ஏறினார். வசந்தாமணிக்கு அவர் முகம் பெரிதாகிப் பெரிதாகி வந்தது, உதடு ஏதோ சொல்ல அசைந்தது, அதோடு அது மறைந்தது.

அவள் தன் கண்ணால் அறையைப் பார்த்தாள். மேலேயிருந்து பார்த்ததைவிட அது சின்ன அறையாக இருந்தது. மேலேயிருந்து பார்த்தபோது இல்லாத வாடை இருந்தது. பஷீரும் ஆறுச்சாமியும் சுரேந்திரனின் கட்டை அவிழ்த்துத் தூக்கினார்கள். கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

சுரேந்திரன் பிழைத்துக்கொண்டான். பெரியாஸ்பத்திரியில் பல நாள் கிடந்தான், இடது காது கேட்காமல் போயிற்று, தறிக்கு முன்னால் நிற்கக்கூட முடியாத அளவுக்கு விலாவில் வலி தங்கிவிட்டது. செம்புக் கம்பி யார் திருடியது என்று கடைசிவரை தெரியவில்லை. கூரையிலிருந்து பார்த்தவர்களின் பேச்சைச் சட்டம் எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கதவருகில் சொந்தக் காலில் நின்று சொந்தக் கண்ணால் பார்த்தவர்களின் பேச்சை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரையும் அந்த இரண்டு காவலர்களையும் நாச்சிமுத்துவையும் சஸ்பெண்ட் செய்தார்கள். சாட்சி சொன்ன வீடுகளுக்குப் பெயர் சொல்லாத போன்கள் வந்தன. சிலர் பார்க்கவில்லை என்று மாற்றிச் சொன்னார்கள், பலர் மாற்றவில்லை.

கலெக்டர் ஆபீசிலிருந்து ஓர் உத்தரவும் வந்தது. ஊரார் இரண்டு பேர் வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய், கேமராவில் பதிவானதை உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்டதற்கு மேலாகவே கிடைத்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், ஆனால் பேர் கொடுக்கச் சொன்னபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "தானா வந்தப்ப பாத்தோமுங்க," என்றார் வெல்ல மண்டிக்காரர். "நாமளாப் போயி உக்காந்து பாக்கறதுன்னா மனசு வரோணுமில்லீங்க." முதல் பேரை வசந்தாமணி கொடுத்தாள். இரண்டாவது பேரை ரங்கன் கொடுத்தான். அதற்குப் பிறகு மெதுவாக மற்றவர்களும் வந்தார்கள். முறை வருவது நின்றுவிட்டது. ஆனாலும் வெள்ளூத்துப்பாளையத்தில் இன்றைக்கும் எண்ணெய்ச் சட்டியை இறக்குவதற்கு முன்னால் ஒரு கணம் நிதானித்துத்தான் இறக்குகிறார்கள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வசந்தாமணியும் நாச்சிமுத்துவும் ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவள் சமைத்தாள், அவர் சாப்பிட்டார். பேச வேண்டியதைத் தவிர அவர்கள் பேசவில்லை. சமயத்தில் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் நிமிர்ந்தால் வேறுபக்கம் திரும்பிக்கொள்வாள். அவருடைய வக்கீல், கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்: மேலதிகாரியின் மிரட்டலுக்குப் பயந்து, மனமில்லாமல், கை நடுங்க நடுங்க ஒயரைக் கழற்றினேன். இதைச் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்ளலாம், வேலைகூடத் திரும்பக் கிடைக்கலாம். நாச்சிமுத்து அதைத் தறிச் சத்தத்தில் தினமும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது.

விசாரணை நாளில் தாலுகா கோர்ட் வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கேட்டார்.

"அன்னைக்கு மேலருந்து பாத்தியே. என்ற மூஞ்சி எப்படி இருந்துது?"

வசந்தாமணி வராந்தாவுக்கு வெளியே பார்த்தாள்.

"ரொம்பப் பயந்தாப்பல இருந்துதா? கை நடுங்குச்சா? நீ பாத்திருப்பே."

மில்லில் அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னாள், ஒன்றைத் தவிர. அதை அவள் சகுந்தலாவிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்கு முன்னால் பார்த்தவர்களும் யாரும் சொன்னதில்லை.

"கொட்டாவி விட்டீங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"ஒயரைக் கழட்டும்போது கொட்டாவி விட்டீங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போனீங்கல்ல. வாயைக்கூடக் கையில மூடல."

நாச்சிமுத்து கையில் மடித்து வைத்திருந்த வக்கீலின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து டவாலி அவர் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் எழுந்தார். தாள் பெஞ்சிலேயே கிடந்தது.

அன்றைக்கு அவர் சொன்னதுதான் பிறகு இன்ஸ்பெக்டரையும், அவரோடு சேர்த்து அவரையும் ஜெயிலுக்கு அனுப்பியது. மாஜிஸ்ட்ரேட் அம்மா கேள்வியைச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கேமராவை நிறுத்தச் சொல்லி உங்களை மிரட்டினாங்களா?"

"இல்லீங்கம்மா," என்றார் நாச்சிமுத்து. அவருடைய வக்கீல் தலையை நிமிர்த்தினார். "முதல் தடவை வேண்ணா சொன்னாங்க. அப்புறம் சொல்ல வேண்டியதே இல்லீங்க. ஆளைக் கூட்டிட்டு வந்தாங்கன்னா நானே ஸ்டூலை எடுத்துப் போட்டுருவேன். பயந்துட்டுச் செய்யலீங்க. கை நடுங்கல. கொட்டாவி விட்டுட்டே கழட்டுனேன். பழகிப்போச்சுங்க."

டைப் அடித்துக்கொண்டிருந்தவர் விரலை நிறுத்திவிட்டு, இதையுமா என்பது போல மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தார்.

"அவர் சொன்னதை அப்படியே அடிங்க," என்றார் மாஜிஸ்ட்ரேட்.

விரல்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. நாச்சிமுத்து கூண்டிலிருந்து திரும்பி, கடைசி வரிசையில் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்தவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படுகிற மாதிரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.